விதை தின்ற கம்புகட்டி

வரதன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்ததுமே ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவன் வேட்டி முழங்காலைத் தாண்டி இறங்கி யாரும் பார்த்ததில்லை. தாலி கட்டி முடித்து மணையை விட்டு எழுந்த கையோடு மடித்துக் கட்டிக்கொண்டவன் என்று அவன் பெண்சாதி கோவிந்தம்மாள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். செய்கிற வேலை அப்படி. கருவேலம்பட்டு ஏரிக்கு அவன்தான் கம்புகட்டி. மடை திறந்து, எந்தக் கழனிக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பங்கு விடுகிறவனுக்கு உத்திரமேரூர்ப் பக்கம் அந்தப் பேர். கையில் மூங்கில் கம்பு, தோளில் மண்வெட்டி, கால் இரண்டும் தண்ணீரில். வரப்பு வாய்க்காலில் இழுபறி வந்தால் அவன் கம்பைத் தரையில் ஊன்றி என்ன சொல்கிறானோ அதுதான் பேச்சு. பெரிய மிராசுதாரும் முனகிக்கொண்டே கேட்டாக வேண்டும்.

அந்தக் கம்பு ஒரு தரம் வாங்கினால் சாகிற வரைக்கும் என்று கிடையாது. வருஷா வருஷம் வாங்க வேண்டும். ஏரி நிரம்பி முதல் மடை திறக்கிற அன்று ஊர் கூடும். கம்புகட்டி கரையின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடி வரை கசிவு பார்த்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். கழனிக்காரர்கள் பின்னாலேயே வருவார்கள். அப்புறம் பெரிய மடையில் இறங்கி, தண்ணீருக்கடியில் கல் துவாரத்தை அடைத்திருக்கிற கட்டையைப் பிடுங்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்த பிறகுதான் பெரியதனக்காரர் தேவராஜன் புதுக் கம்பை எடுத்துக் கொடுப்பார். நடக்க முடியாதவனுக்கும் இறங்க முடியாதவனுக்கும் கம்பு இல்லை. அப்பன் வாங்கினான், தாத்தன் வாங்கினான் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் நவரைப் பயிருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோதுதான் வரதனுக்குக் கால் வீங்கியது. முதலில் கணுக்கால். அப்புறம் ஆடுசதை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேடேறும். இடது காலுக்கு வீக்கம் அதிகம். யானைக்கால் என்று நினைத்து ஆடிப்போனான். கோவிந்தம்மாள்தான் இழுத்துக்கொண்டு போய் உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் நிறுத்தினாள். டாக்டர் ரத்தமும் மூத்திரமும் பார்த்துவிட்டு, அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டு யானைக்கால் இல்லை என்றார். நின்று நின்று வந்த வீக்கம், உப்பைக் குறை, காலை உயரத்தில் வைத்துப் படு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். மாத்திரையை வரதன் தின்றான். காலை உயரத்தில் வைத்துப் படுக்கிற கம்புகட்டியை எந்த ஊரிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். உப்பு விஷயத்தை அவன் வீட்டில் சொல்லவேயில்லை. சொன்னால் கருவாடு போய்விடும்.

சித்திரையில் ஊர்க்கூட்டம். அதில் பன்னீர்செல்வம் எழுந்து நின்றான். முப்பது வயசு ஆள், நல்ல தொண்டை, நடையில் ஒரு முறுக்கு.

"வரதண்ணாக்கு வயசாச்சி. இந்த வருசம் கம்ப எனக்குக் குடுங்க நைனா" என்று தேவராஜனைப் பார்த்து நேராகவே கேட்டான்.

"ஏரி ரொம்பட்டும்டா. கரை மேல நடக்கசொல்ல பாத்துக்கலாம்" என்றார் அவர்.

அன்றிலிருந்துதான் வரதன் வேட்டியை இறக்கிவிட்டது. மறுநாளே டீக்கடையில் பன்னீர் ஆரம்பித்துவிட்டான்.

"இன்னா வரதண்ணா, பாவாடை கட்டிக்கினு கீற?"

"கொசு கடிக்குதுடா."

"பட்டப்பகல்லயா?"

"உங்க வூட்டுக் கொசு மணி பாத்துக்கினு கடிக்குமா?"

கடையே சிரித்தது. பன்னீரும் சிரித்தான். ஆனால் அவன் கண் வரதனின் கணுக்காலிலேயே இருந்தது.

ஏரி வற்றிவிட்டால் வரதனுக்கு வேறு பிழைப்பு உண்டு. ஏரி உள்வாயில் சேறு காய்கிற இடமெல்லாம் நீர்முள்ளி மண்டிக் கிடக்கும். இடுப்பு உயரச் செடி. கணுவுக்குக் கணு நீலப்பூ, பூவைச் சுற்றி ஊசி ஊசியாக முள். செடி காய்ந்ததும் கவைக்கோலால் அமுக்கிப் பிடித்து அரிவாளால் அறுத்து, வெயிலில் போட்டுத் தடியால் அடித்தால் எள்ளைவிடச் சிறிய விதை உதிரும். அதைப் புடைத்து மூட்டை கட்டி உத்திரமேரூர் நாட்டு மருந்துக் கடையில் போடுவான். கடைக்காரர் பஞ்சாட்சரம் செட்டியார் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஈரம் பட்டதும் விதை கோந்து மாதிரி வழவழத்து நாக்கோடு ஒட்டிக்கொண்டால் சரக்கு நல்ல சரக்கு. பனி விழுந்தால்கூடப் போச்சு, களத்திலேயே கட்டிக்கொள்ளும். அதனால் பொழுது சாய்வதற்குள் மூடிவிட வேண்டும். விதை எடுத்த முள்செடியை வேலிக்குக் கேட்கிறவன் எடுத்துக்கொண்டு போவான். மீதியை வரதன் ஏரியிலேயே கொளுத்திவிடுவான்.

அந்த வருஷம் விதை மூட்டையோடு போயிருந்தபோது, செட்டியார் யாரோ ஒரு வாடிக்கைக்காரரிடம், "ஒடம்புல நீர் கோத்துக்கினா நீர்முள்ளிய மிஞ்சின மருந்து கெடையாது" என்று சொன்னது வரதன் காதில் விழுந்தது. அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் யாருக்கு என்பார், காலைக் காட்டு என்பார், செய்தி பஸ் ஏறி அவனுக்கு முன்னால் ஊருக்குப் போய்விடும்.

கேட்பதற்குத்தான் என்ன இருக்கிறது? செட்டியார் காசு கொடுத்து வாங்குவது விதையை. காசு எதில் இருக்கிறதோ அதில்தானே மருந்தும் இருக்கும். நெல்லை நாம் தின்கிறோம், வைக்கோலை மாட்டுக்குப் போடுகிறோம். பிறந்ததிலிருந்து கழனியில் கிடக்கிறவனுக்கு இதில் என்ன சந்தேகம் வரும். மூட்டையில் பாதியை விற்காமல் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தான்.

வைகாசியில் தொடங்கினான். சாயங்காலம் ஒரு கைப்பிடி விதையைப் பாலில் ஊற வைத்து, அது ஊறிக் கொழகொழவென்று தவளை முட்டை மாதிரி ஆனதும் பனைவெல்லம் தட்டிப் போட்டுக் குடிப்பான். பால் ஊற்றுகிற ராணியம்மாளிடம் கூடுதலாக ஒரு செம்பு கேட்கும்படி கோவிந்தம்மாளிடம் சொல்லியிருந்தான்.

ஆனி போயிற்று. ஆடி வந்தது. கால் இம்மியும் இறங்கவில்லை. ஆனால் ஆளுக்கு மினுமினுப்பு ஏறியது. கன்னத்தில் சதை போட்டது. பாட்டு வந்தது. கோவிந்தம்மாளுக்கு இந்த மாறுதலில் குறை ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் கேட்டாள்.

"ஏன்யா, நீ கால் எளைக்கறதுக்குக் குடிக்கிறியா, ஒடம்பு பெருக்கறதுக்குக் குடிக்கிறியா?"

"மருந்துன்னா மெதுவாத்தான் கேக்கும். சும்மா கெட மே."

ஒரு நாள் குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ராணியம்மாளுக்கு அடக்க முடியவில்லை.

"இன்னா கோவிந்தம்மா, பேரன் பேத்தி எடுக்கிற வயசுல வூட்டுக்கார்ரு பால்ல நீர்முள்ளி வெதைய ஊற வெச்சிக் குடிக்கிறாராமே? தூங்க வுடறாரா?"

"இன்னாடி ஒளர்ற? அது கால் வீ..." என்று ஆரம்பித்த கோவிந்தம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். குடத்தைப் பாதி நிரம்பியபடியே தூக்கிக்கொண்டு வந்து வரதன் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"நீ மொதல்ல செட்டியார் கடைக்குப் போ. அந்த வெதை எதுக்குன்னு கேட்டுக்கினு வா. கேக்காம வூட்டுக்கு வந்த, சோறு கெடையாது."

ஆவணி வெயிலில் வரதன் பஸ் ஏறினான். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து வேட்டியை ஒரு சாண் தூக்கிக் காலைக் காட்டி, மாசக்கணக்காக விதையைத் தின்றதைச் சொன்னான். செட்டியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யோவ் வரதா! வெதை ஆம்பளைத் தெம்புக்குக் குடுக்கறதுய்யா! புது மாப்பிள்ளைங்க வந்து காதோட காதா கேட்டு வாங்கிக்கினு போவானுங்க. அத்தயா நீ நாலு மாசமா முழுங்கிக்கினு கீற? சம்சாரம் சவுக்கியமா?"

வரதனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "அப்ப நீர் எறங்கறதுக்கு?"

"அதுக்குச் செடி. வேரு, தண்டு, முள்ளு, சருகு எல்லாத்தையும் சேத்து இடிச்சி, கஷாயம் வெச்சிக் குடிக்கணும்."

"செடியா?"

"செடிதான்."

"அத்த வருசா வருசம் கொளுத்திக்கினு கீறனே செட்டியாரே!"

"நானும் கேட்டதில்ல, நீயும் கொண்டாந்ததில்ல. இப்ப எங்கிட்ட ஒரு பிடி கெடையாது. காஞ்சிபுரத்துக் கடையிலயும் போன வாரம்தான் கேட்டேன், இல்லன்னுட்டான். இனிமே மழை பேஞ்சி, செடி மொளச்சி வந்தாத்தான்." செட்டியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆமா, டாக்டராண்ட போனியா? இன்னா சொன்னாரு?"

"உப்பக் கொறைக்கச் சொன்னாரு."

"கொறச்சியா?"

"கருவாடு இல்லாம கூழு எப்டி எறங்கும்?"

"கருவாடு எறங்கினா வீக்கம் எறங்காதுய்யா. எந்த மருந்தும் கேக்காது. போ, எங்கனா செடி கெடைக்குதா பாரு. மழையில நனையாததா இருக்கணும்."

பஸ்ஸில் திரும்பி வருகிறபோது வரதன் மனசு முழுக்க ஏரியில் எரிந்த முள்தான். மழை பெய்து செடி முளைக்கிற நேரத்தில் ஏரியும் நிரம்பிவிடும். கரைமேல் நடக்கிற நாள் வந்துவிடும். அதற்குள் எங்கே போவது? பஸ் ஊர் எல்லையில் திரும்பும்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. இந்த வருஷம் ஒரே ஒரு ஆள் முள் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தான். ஆடு வாய் வைக்காமல் இருக்க, மாட்டுக் கொட்டாயில் வைக்கோலைச் சுற்றி அடைப்பதற்கென்று இரண்டு கட்டு. ஓலை போட்ட கொட்டாய். மழை படாது.

அந்த ஆள் பன்னீர்செல்வம்.

இரண்டு நாள் வரதன் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் வேலிகாத்தான் முள் வெட்டி, கட்டாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போய்ப் பன்னீர் வீட்டு வாசலில் போட்டான்.

"இன்னாண்ணா இது?"

"நல்ல முள்ளுடா. கெட்டி முள்ளு. உன் வைக்கோலுக்கு இத்தப் போட்டுக்கோ. அந்த நீர்முள்ளி சொத்தை, நான் எடுத்துக்கினு போறேன்."

பன்னீர் முள்ளைப் பார்த்தான், வரதனைப் பார்த்தான். "நீ எப்ப எனக்கு நல்லது பண்ற ஆளா மாறின?"

"சும்மா தோணிச்சிடா."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த பன்னீரின் அம்மா தாயாரம்மாள் முறத்தை நிறுத்தாமலேயே சொன்னாள்.

"கஷாயத்துக்குடா. அவன் கால்ல நீர் கோத்துக்கினு கீது. ஊருக்கே தெரியும். பாவம், அவன் மறைச்சிக்கினு திரியறானேன்னு யாரும் கேக்கல."

வரதன் தன் வேட்டியைக் குனிந்து பார்த்தான். வேட்டியை இறக்கிவிட்டு நாலு மாதம் தடுக்கித் தடுக்கி நடந்ததெல்லாம் வீண். வெட்கம் ஒரு பக்கம். விட்டது தொல்லை என்று ஒரு பக்கம் மூச்சும் வந்தது.

"ஆமாண்டா" என்றான். "கால்தான். கொட்டாயில கீற முள்ளு வோணும். வேற எங்கியும் இல்ல."

பன்னீர் கொட்டாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "இத்த நான் இன்னிக்கே கொளுத்திட்டா கம்பு தானா என் கைக்கு வந்துடும், இல்ல?"

"வந்துடும்."

"வந்தா? நாளைக்கு வாய்க்கால்ல சண்டைன்னு நான் போய் நின்னா ஒவ்வொருத்தனும் இன்னா சொல்லுவான்? கால் வராதவங்கிட்ட புடுங்கினவன்தானே நீன்னுவான். எம்பேச்ச எவன் கேப்பான்? வெறும் கம்ப வெச்சிக்கினு நான் மாடா மேய்க்கறது?" அவன் கொட்டாய்க்குள் போய், கையில் முள் குத்தக் குத்த இரண்டு முள் கட்டுகளையும் இழுத்து வெளியே போட்டான். "எடுத்துக்கினு போ. நடந்து காட்டு. முடிலன்னா அப்ப எல்லார் எதிர்லயும் கேட்டு வாங்கிக்கறேன்."

"கேளு."

"கேப்பேன்."

தாயாரம்மாள் உள்ளேயிருந்து, "அந்த வேலிகாத்தான எடுத்துக் கொட்டாயில போடுடா மொதல்ல, ஆடு வந்துடும்" என்றாள்.

கோவிந்தம்மாள் முள்ளை மிதியடி போட்டு மிதித்து, உரலில் இட்டு இடித்தாள். விரலெல்லாம் குத்தியது. திட்டிக்கொண்டே இடித்தாள். முள்ளைத் திட்டினாளா வரதனைத் திட்டினாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மண்சட்டியில் கொதித்துச் சுண்டிய கஷாயம் குட்டைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. பாலும் இல்லை, பனைவெல்லமும் இல்லை. உப்பு விஷயம் தெரிந்ததும் கருவாட்டுப் பானையைக் கவிழ்த்துவிட்டாள். உப்பில்லாத கூழை முதல் வாரம் வரதன் அழுகிற முகத்தோடு குடித்தான். அப்புறம் பழகிவிட்டது. ஏரியில் வேலை இல்லாத மாதம்தானே என்று பகலில் காலைத் தூக்கி நெல் மூட்டை மேல் வைத்துக்கொண்டு படுத்தான். அடிக்கொரு தரம் எழுந்து கொல்லைப் பக்கம் போய் வந்தான்.

புரட்டாசி முடிவதற்குள் வலது காலில் எலும்பு தெரிந்தது. இடது கால் இறங்கியும் இறங்காமலும் நின்றுகொண்டது. டாக்டரைக் கேட்டால் உப்பை விட்டதுதான் என்பார், செட்டியாரைக் கேட்டால் செடிதான் என்பார். வரதன் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி என்று வைத்துக்கொண்டான். ஆனால் விதையை நிறுத்தியதில் பாட்டு நின்றுவிட்டது என்று கோவிந்தம்மாள் மட்டும் ராணியம்மாளிடம் சொன்னதாகக் கேள்வி.

ஐப்பசி மழை அந்த வருஷம் ஏமாற்றவில்லை. கார்த்திகையில் ஏரி கடல் மாதிரி நின்றது. ஊர் கரைமேல் கூடியது. வரதன் வேட்டியை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு வந்து நின்றான். அதைப் பார்த்ததுமே ஜனங்களுக்குள் ஒரு முணுமுணுப்பு.

நடந்தான். முதல் பாதிக் கரை ஒன்றும் தெரியவில்லை. கரையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் பார்த்துக்கொண்டு, நண்டு வளையைக் குதிகாலால் மிதித்து மூடிக்கொண்டு போனான். ஆலமரத்தைத் தாண்டியதும் இடது கால் கனத்தது. நடை சாய்ந்தது. பின்னால் பேச்சு நின்றுபோனது அவனுக்குத் தெரிந்தது. கிழக்குக் கோடியைத் தொட்டுவிட்டுப் பெரிய மடைக்குத் திரும்பி வந்தபோது தேவராஜன் கேட்டுவிட்டார்.

"இன்னா வரதா, எடது காலு?"

எல்லாரும் பன்னீரைப் பார்த்தார்கள். பன்னீர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வரதன் காலை எடுத்து மடைக் கல்லின் மேல் வைத்தான். கட்டை விரலால் அழுத்திக் குழி விழுவதை எல்லாருக்கும் காட்டினான்.

"இவ்ளோ கீது நைனா. இதுக்கு மேல எறங்கல. இனிமே எறங்குமான்னும் தெரியாது. ஆனா நடந்தேன். இப்ப தண்ணில எறங்கறேன். முடியலன்னா பன்னீருக்குக் குடுத்துடுங்க, எனக்கு வருத்தம் கெடையாது."

வருத்தம் கிடையாது என்பது சுத்தப் பொய். அது தெரியாதவர் அங்கே யாரும் இல்லை.

படியில் இறங்கி மூழ்கினான். குளிர் நெஞ்சைப் பிடித்தது. கையால் துழாவிக் கட்டையைப் பற்றி இழுத்தான். ஊறி உப்பிப்போயிருந்தது, அசையவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கினான். மறுபடி மூழ்கினான். இந்தத் தரம் இரண்டு காலையும் கல்லில் உதைத்துக்கொண்டு முதுகை வளைத்து இழுத்தான். இடது கால் வலித்தது, ஆனால் வழுக்கவில்லை. கட்டை கையோடு வந்தது. காலுக்கடியில் ஏரி உறிஞ்சுகிற சத்தம். அவன் தலையை வெளியே நீட்டியபோது வாய்க்கால் பக்கம் பெண்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேவராஜன் கம்பைக் கொடுத்தார். புது மூங்கில், மஞ்சள் பூசியது.

"அடுத்த வருசம் நான் கேப்பேண்ணா" என்றான் பன்னீர்.

"கேளுடா. அதுவரைக்கும் கரை பாக்க கூட வா. நான் ரெண்டு கோடியும் நடக்கறது கஷ்டம்" என்றான் வரதன். பன்னீர் வரதனின் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

தண்ணீர் முதல் வளைவைத் தாண்டியிருக்காது. கீழே ஒருத்தன் அவசர அவசரமாக வாய்க்கால் வரப்பை வெட்டித் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். வரதன் பார்த்துவிட்டான். ஈர வேட்டி தொடையில் ஒட்ட, கம்பைத் தூக்கிக்கொண்டு கரைச் சரிவில் ஓட ஆரம்பித்தான். நொண்டிக்கொண்டுதான் ஓடினான். ஆனால் ஓடினான்.

"டேய்! எவன்டா அவன் வாய்க்கால்ல மம்பட்டி வெக்கிறது? கடைக்கோடி கயனிக்குப் போயி சேரட்டும்டா மொதல்ல!"

"டேய் வரதா, அது என் கழனிடா. நம்ம ஆளுதான்" என்று கரைமேலிருந்து தேவராஜன் கூப்பிட்டார்.

"யார் ஆளா இருந்தா இன்னா நைனா!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினான் வரதன். "மூடச் சொல்லுங்க!"

தேவராஜன் முனகிக்கொண்டே மூடச் சொன்னார்.